எழுத்து பெரிதாகப் பெரிதாக

திரையில் இருந்த எழுத்து ஒவ்வொன்றும் தோசைக்கரண்டி அளவு இருந்தது. அத்தனை பெரிய எழுத்தைத்தான் ஞானேஸ்வரியால் வாசிக்க முடியவில்லை.

தையல் மெசின்மேல் டெப் என்கிற கைக்கணினியைச் சாய்த்து வைத்து, முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாள். கதிரையைப் பின்னால் இழுத்துப்போட்டுப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டியும் பார்த்தாள். ஒரு வளைவு தெரிந்தது. அதன் வாலைத் தேடிப் போவதற்குள் தலை காணாமல் போனது. ஒரே ஒரு பெயரை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பக்கத்து வீட்டு ரேடியோவில் ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டுத் தொடங்கிவிட்டது.

சலித்துப்போய், மேசையில் கிடந்த நூற்கட்டையை எடுத்தாள். அதன் அடியில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. எறும்பு வரிசை மாதிரி அதில் அச்சிட்டிருந்த நிற இலக்கத்தையும், நூலின் கனத்தையும், அது செய்யப்பட்ட ஊரின் பெயரையும் மளமளவென்று வாசித்தாள்.

அதே கண். அதே ஜன்னல் வெளிச்சம். நூற்கட்டையையும் டெப்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இரண்டையும் அருகருகே வைத்தாள். இதை யாரிடம் சொல்வது? சொன்னால் யார் நம்புவார்கள்?

கலஹாவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டம் ஒன்றில் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகள் தைப்பது அவளுடைய தொழில். அந்தத் தோட்டத்து மரண உதவிச் சங்கத்துக்கு ஒன்பது வருடமாக அவள்தான் செயலாளர். அதற்கு முன் அந்தப் பதவியில் ஒரு பெண் இருந்ததில்லை. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் கூடாரம், கதிரை, பெட்டி, தேத்தண்ணி என்று எல்லாவற்றையும் சங்கம் பார்த்துக்கொள்ளும். தைப்பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கோயில் மண்டபத்தில் ஆண்டுக் கூட்டம். அன்றைக்கு முதல் வேலை, அந்த வருடம் இறந்தவர்களின் பெயர்களைச் செயலாளர் வாசிப்பது. எல்லாரும் எழுந்து நின்று கேட்பார்கள்.

முன்பெல்லாம் பெயர் மட்டும்தான் வாசிப்பார்கள். ஞானேஸ்வரி வந்த பிறகு ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு குறிப்புச் சேர்த்தாள். 'தோட்டத்தில் முதன்முதல் சைக்கிள் வாங்கியவர்.' 'முப்பத்தொரு வருடம் கொழுந்து எடுத்தவர். ஒரு நாளும் பிந்தி வராதவர்.' 'பெரிய மழையில் மண் சரிந்தபோது ஏழு பேரைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டவர்.' செத்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, அழுகைக்கு நடுவே கேட்டு வாங்கி எழுதுவாள். அந்தக் குறிப்புகளைக் கேட்பதற்காகவே மற்ற நேரங்களில் கூட்டத்துக்கு வராத சனம் எல்லாம் வரத் தொடங்கியது.

போன வருடக் கூட்டத்தில் பதினொரு பெயர். ஏழாவது பெயரை வாசித்துவிட்டு ஒன்பதாவதுக்குப் போய்விட்டாள். தாண்டியது அவளுக்குத் தெரியவில்லை. வாசித்து முடித்ததும் எல்லாரும் உட்கார்ந்தார்கள். மூன்றாவது வரிசையில் பாலம்மா மட்டும் நின்றுகொண்டிருந்தாள். கொழுந்து மலையில் ஞானேஸ்வரியின் தாயோடு ஒன்றாக வேலை செய்தவள். அவளுடைய வீட்டுக்காரர் வேலாயுதம் போய் அப்போது நாலு மாதம்.

"எங்க வீட்டுக்காரரு செத்தது பதியலையா, ஞானம்?" என்று பாலம்மா கேட்டாள். கோபமாகக் கூடக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஞானேஸ்வரி பிறகு பல நாள் நினைத்தாள்.

அன்று அந்தப் பெயரைத் தனியாக வாசித்தாள். காலில் விழாத குறையாக மன்னிப்பும் கேட்டாள். ஆனால் ஒரு தடவை உட்கார்ந்துவிட்ட சனம் மறுபடி எழுந்து நிற்கையில் அது அரைமனதாகத்தான் இருந்தது. அடுத்த கிழமையே பதவியை விடுவதாகக் கடிதம் எழுதிக் கொடுத்தாள். தனக்குக் கண் மங்குகிறது, சில வருடங்களுக்கு முன் பெரிய டொக்டர் ஒருவர் பார்த்துவிட்டுக் கண்ணின் உள்திரை காய்கிறது, கண்ணாடியால் சரிவராது என்று சொன்னார் என்பதை எல்லாம் அதில் எழுதியிருந்தாள். டொக்டர் சிங்களத்தில் சொன்னதில் அவளுக்கு விளங்கியது அவ்வளவுதான். ராத்திரியில் சுத்தமாகத் தெரியாது, படியில் தடுக்கும், வாசலில் படுத்திருக்கும் நாயை மிதித்துவிடுவாள். இது எல்லாமே மங்கல்தான் என்று அவளும் நினைத்தாள், ஊரும் நினைத்தது.

கடிதத்தைச் சங்கம் ஏற்கவில்லை. ஏற்கக் கூடாது என்று நிர்வாகக் கூட்டத்தில் எழுந்து பேசியவள் பாலம்மா. பேசியதோடு நிற்காமல், மேல்கணக்கிலும் கீழ்க்கணக்கிலும், அதாவது தோட்டத்தின் இரண்டு பிரிவிலும், வீடு வீடாக ஏறி இறங்கி ஆளுக்குக் கொஞ்சம் கேட்டு வாங்கினாள். அப்படி வந்ததுதான் இந்த டெப். வாங்கிக் கொடுத்தவன் கஜேந்திரன். சங்கத்துத் தலைவன்; கலஹா கடைத்தெருவில் தொலைபேசி பழுது பார்க்கிற கடை வைத்திருப்பவன். அவன்தான் பெயர்ப் பட்டியலை அதில் ஏற்றி, எழுத்தைப் பெரிதாக்கிக் கொண்டுவந்து கொடுத்தான்.

வாசிக்க வரவில்லை என்றதும் இன்னும் பெரிதாக்கினான். அதுவும் சரிவரவில்லை என்றதும் தடித்த எழுத்தாக்கினான். கடைசியில் ஒரு ஞாயிறு பின்னேரம், கோயில் மண்டபத்து டீவியில் டெப்பை இணைத்து, ஒரு எழுத்து ஒரு முழம் வரும்படி செய்துவிட்டு, "இப்ப பாருங்கக்கா" என்று பெருமையோடு ஒதுங்கி நின்றான். ஞானேஸ்வரி பார்த்தாள். வெள்ளைச் சுவரில் கறுப்புப் பாம்பு ஊர்வது போல ஏதோ தெரிந்தது. இந்தத் தடவை முதல் எழுத்தைக்கூடச் சொல்ல முடியவில்லை.

நிர்வாக சபையில் வயதில் மூத்த மூக்கையா பீடித் துண்டைக் காதில் செருகிக்கொண்டு சொன்னார்: "இனி ஹந்தானை மலையில சுண்ணாம்பால எழுதிப் போட்டாத்தான் உண்டு."

எல்லாரும் சிரித்தார்கள். ஞானேஸ்வரியும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து கணவர் திருச்செல்வத்திடம், இத்தனை பேர் அன்பாகச் செய்ததைத் தன் கண் வேண்டாம் என்கிறதே என்று சொல்லி அழுதாள்.

நிலைமை கெட்டுப்போனது ஒரு ஊசியால். டெப்பில் புதிதாக எதையோ ஏற்றித் தருவதற்காகக் கஜேந்திரன் வீட்டுக்கு வந்திருந்தான். பேசிக்கொண்டே ஞானேஸ்வரி கையூசியை எடுத்தாள். நூல் நுனியை உதட்டில் ஈரமாக்கி, ஒரே தடவையில் கோத்தாள். நிமிர்ந்தபோது கஜேந்திரன் பேச்சை நிறுத்தியிருந்தான்.

"ஊசியில நூல் கோக்குறீங்க" என்றான் மெதுவாக. "பஸ்ல வர்றப்ப டிக்கட்டு வாசிச்சதா ஆளுங்க சொன்னாங்க; நான் நம்பல. இவ்ளோ பெருசு தெரியலன்னு சொல்றீங்க. எனக்கு ஒண்ணும் வெளங்கலக்கா."

"எனக்கும் வெளங்கல தம்பி. சத்தியமா."

அவன் டெப்பை எடுத்துக்கொண்டு எழுந்து போனான். பதவி வேண்டாம் என்பதற்காக நடிக்கிறாள் என்று அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாததுதான் அவளைக் குத்தியது. பொங்கலுக்கு ஆறு கிழமை இருந்தது. பெயரை வாசிக்க முடியுமா முடியாதா என்பதோடு, இப்போது தன் வாய்ச்சொல்லுக்கே மதிப்பு இருக்கிறதா என்பதும் அவளுக்குக் கேள்வியாகிவிட்டது.

கண்டியில், பார்வைக் குறைவு உள்ளவர்களுக்கு வாசிக்கப் பழக்கும் நிலையம் ஒன்று இருப்பதாகத் திருச்செல்வம் விசாரித்துக்கொண்டு வந்தார். மணிக்கூட்டுக் கோபுரத்துக்குச் சற்றுத் தள்ளி, ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில். அடுத்த புதன்கிழமை காலை பஸ்ஸுக்கு ஞானேஸ்வரி புறப்பட்டபோது, கலஹா சந்தியில் கஜேந்திரன் டெப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான். திருச்செல்வம் சொல்லியிருக்க வேண்டும். "மெசின்ல பிழை இருந்தா நான்தானே பாக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறினான். பேராதனை வரும்வரை டெப்பைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே வந்தான்.

நிலையத்தில் அவர்களைப் பார்த்தவள் பஸ்லினா. முப்பது வயது இருக்கும். கடுகஸ்தோட்டைப் பக்கத்து முஸ்லிம் பெண்; 'இருக்கு' என்பதை 'ஈக்கிது' என்பாள். எதையும் சோதிக்கும் முன், எதை எல்லாம் வாசிக்க முடிகிறது, எதை முடியவில்லை என்று கேட்டாள். நூற்கட்டை, பஸ் டிக்கட், ஊசி எல்லாவற்றையும் ஞானேஸ்வரி தயங்கித் தயங்கிச் சொன்னாள், குற்றத்தை ஒப்புக்கொள்கிறவள் மாதிரி. பஸ்லினாவுக்கு அது புதிதாகவே இல்லை. படியில் தடுக்குமா, நாயை மிதித்ததுண்டா என்று அவளே திருப்பிக் கேட்டாள். டொக்டர் கொடுத்த பழைய துண்டுச் சீட்டை வாங்கிப் பார்த்தாள். ஒரு கண்ணை மூடவைத்து, கறுப்புப் பலகை ஒன்றின் நடுவைப் பார்க்கச் சொல்லி, வெள்ளைக் குண்டூசித் தலையை ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல நடுவுக்குக் கொண்டுவந்தாள். தெரிந்ததும் சொல்லச் சொன்னாள். ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் அப்படிச் செய்து, தெரிந்த இடத்தில் எல்லாம் சுண்ணக்கட்டியால் புள்ளி வைத்தாள். புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு தேநீர்க் கோப்பையின் வாயளவு வட்டம்கூட வரவில்லை.

"நடுப்பார்வை நல்லா ஈக்கிதக்கா. கண்ணாடிக் கடைக்காரன் பலகையில கடைசி வரி வரைக்கும் வாசிப்பீங்க. ஓரந்தான் இல்ல" என்றாள்.

பிறகு கஜேந்திரனைப் பார்த்து, எழுந்து வரச் சொன்னாள். மேசையில் கிடந்த கடதாசி ஒன்றை எடுத்து, இரண்டு விரல் நுழையும் அகலத்துக்கு நீட்டாகச் சுருட்டி, அவனுடைய ஒரு கண்ணில் வைத்தாள். மற்றக் கண்ணை அவனே கையால் பொத்திக்கொண்டான். சுவரில் பெரிய எழுத்தில் சுகாதாரச் சுவரொட்டி ஒன்று இருந்தது. ஒரு கை தூரத்தில் நின்று அதை வாசிக்கச் சொன்னாள்.

கஜேந்திரன் வாசிக்கவில்லை. குழாயை மேலும் கீழும் ஆட்டினான். "ஒரு கோடு தெரியுது. வளைஞ்சு போகுது. இது 'ட'வா?" என்றான். அது 'ட' இல்லை.

பின்னால் போகச் சொன்னாள். குழாயைக் கண்ணிலிருந்து எடுக்காமல் பின்னால் நடந்தவன், அங்கே இருந்த கதிரையில் மோதி, அது விழுந்து, அவனும் விழப் பார்த்துச் சமாளித்து நின்றான். எதிர்ச்சுவரோரம் போனதும், தூரத்தில் சின்னதாகிவிட்ட சுவரொட்டியின் தலைப்பைச் சொல் சொல்லாக வாசித்தான். வாசித்து முடித்தும் குழாயை எடுக்கவில்லை. அதே குழாயால் திரும்பி ஞானேஸ்வரியைப் பார்த்தான்.

"இப்பிடியாக்கா இத்தன நாளா?"

ஞானேஸ்வரி விழுந்து கிடந்த கதிரையை நிமிர்த்தி வைத்தாள். தன் வாய்ச்சொல்லுக்கு மதிப்பு இருக்கிறதா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. விடையைத் தானே சொல்ல வேண்டி வரவில்லை. அதைவிடப் பெரிய உதவியை அன்றைக்கு யாராலும் செய்திருக்க முடியாது.

பஸ்லினா உட்கார்ந்து, கைகளை அசைத்து அசைத்து விளக்கினாள். கண்ணின் உள்திரை ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டு வருகிறது. நடுவில் சின்னதாக ஒரு ஜன்னல் மிச்சம் இருக்கிறது. அந்த ஜன்னல் சுத்தமாகத்தான் இருக்கிறது. அதனால்தான் நூற்கட்டையின் எழுத்து முழுச் சொல்லாக அதற்குள் அடங்குகிறது. எழுத்தைப் பெரிதாக்கினால் ஜன்னலும் சேர்ந்து பெரிதாகாது. பத்து எழுத்துத் தெரிந்த இடத்தில் ஒன்று தெரியும். இன்னும் பெரிதாக்கினால் ஒரு எழுத்தின் கால் தெரியும்.

அப்படியானால் கறுப்பு வளையம் ஒன்று தெரிய வேண்டுமே, எனக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லையே என்று ஞானேஸ்வரி கேட்டாள். பஸ்லினாவுக்குப் பிடித்த கேள்வி அதுதான் போலும். கதிரையை முன்னால் இழுத்துக்கொண்டாள். இப்போது உங்கள் முதுகுக்குப் பின்னால் என்ன தெரிகிறது, கறுப்பாகத் தெரிகிறதா என்று கேட்டாள். ஞானேஸ்வரி யோசித்தாள். கறுப்பாக இல்லை, ஒன்றுமே இல்லை. ஓரம் போனதும் அந்த மாதிரித்தான் என்றாள் பஸ்லினா. இல்லாத இடத்தை இல்லை என்று கண் சொல்லாது. மூளையும் சும்மா இராமல், கடைசியாகப் பார்த்ததை வைத்து ஓரத்தை நிரப்பிவிடும். நாயை மிதிக்கிற வரைக்கும் வாசல் வெறும் வாசலாகத்தான் இருக்கும்.

"அப்ப நான் செஞ்சது எல்லாம் பிழை" என்றான் கஜேந்திரன்.

அப்படி இல்லை என்றாள் பஸ்லினா. சிலருக்கு ஓரம் நன்றாக இருந்து நடுப்பார்வை போய்விடும். அவர்களுக்குப் பெரிய எழுத்துத்தான் கைகொடுக்கும். "மருந்து சரி. ஆள்தான் வேற" என்று சொல்லிச் சிரித்தாள்.

அதற்குப் பிறகு வேலை தொடங்கியது. ஒரே அளவு நீளமான சிறுபந்திகளை ஐந்து அளவு எழுத்தில் டெப்பில் வைத்து, ஒவ்வொன்றையும் நேரம் கணக்கிட்டு வாசிக்க வைத்தாள். மிகப் பெரிய எழுத்தில் நிமிடத்துக்குப் பத்தொன்பது சொல் வந்தது. அடுத்ததில் முப்பத்துநாலு. அதற்கடுத்து ஐம்பத்தேழு. பதினாறு என்ற அளவில் எண்பத்தொன்று. அதையும் விடச் சிறிதாக்கியபோது கண் சுருங்கி, ஐம்பத்திரண்டுக்கு இறங்கியது. இந்த எண்களைப் பஸ்லினா ஒரு தாளில் புள்ளியாக வைத்துக் கோடு இழுத்தாள். ஏறி இறங்கும் ஒரு மலை வந்தது. உச்சி பதினாறில் இருந்தது. ஒவ்வொரு கண்ணுக்கும் இப்படி ஒரு மலை உண்டு, உச்சி இருக்கும் இடம்தான் ஆளுக்கு ஆள் மாறும், உங்கள் மலையே வருடத்துக்கு வருடம் கொஞ்சம் நகரலாம், அதனால் திரும்பவும் வந்து அளந்துகொள்ள வேண்டும் என்றாள்.

நிறத்தையும் மாற்றினாள். வெள்ளைப் பின்னணி ஞானேஸ்வரியின் கண்ணில் கூசி, மிச்சமிருக்கும் ஜன்னலிலும் பனி மூடின மாதிரி செய்தது. கறுப்பில் மஞ்சள் எழுத்தாக மாற்றியதும் அவள் தன்னை அறியாமல் "அப்பாடா" என்றாள்.

ஆனால் போன வருடத்துப் பட்டியலைத் திறந்து வாசிக்கச் சொன்னபோது, மூன்றாவது பெயரில் இருந்து ஐந்தாவதுக்குத் தாவினாள். திரும்ப வாசித்தாள், இந்தத் தடவை ஒரே பெயரை இரண்டு முறை வாசித்தாள். எழுத்து இப்போது நன்றாகத் தெரிகிறது. தெரிந்தும் ஒரு பெயர் விழுந்துவிட்டது. பாலம்மா நின்றுகொண்டிருந்தது ஞானேஸ்வரியின் கண்முன் வந்தது.

பஸ்லினா அதையும் பொறுமையாக விளக்கினாள். வாசிக்கிற கண் இரண்டு விதமாக நகர்கிறது. வரிக்குள் சின்னச் சின்னத் தத்தல். வரி முடிந்ததும் அடுத்த வரியின் தலைக்கு ஒரு நீளமான பாய்ச்சல். நல்ல கண் உள்ளவர்கள் பாயும்போது, அடுத்த வரி எங்கே தொடங்குகிறது என்று ஓரப்பார்வை முன்கூட்டியே சொல்லிவிடும். உங்களுக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை. குருட்டுப் பாய்ச்சல், சரியான வரியில் விழுந்தால் அதிர்ஷ்டம். எழுத்தைப் பெரிதாக்கியபோது ஒரு பெயரே மூன்று வரியாக உடைந்தது, ஆகவே பாய்ச்சலும் மூன்று மடங்கு.

டெப்பே பெயர்களைக் குரலில் சொல்லும், காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டு திருப்பிச் சொல்லலாம் என்று ஒரு வழி காட்டினாள். ஞானேஸ்வரி கேட்டுப் பார்த்தாள். வீட்டில் செய்தி கேட்க நன்றாக இருக்கும் என்றாள். ஆனால் சனம் எல்லாம் எழுந்து நிற்கும்போது, இன்னொரு குரல் காதில் சொல்லச் சொல்ல அதைத் துரத்திக்கொண்டு போக அவளுக்கு மனம் ஒப்பவில்லை. செத்தவரின் பெயரைத் தானே பார்த்து, தானே சொல்ல வேண்டும்.

மடியில் கிடந்த சேலைத் தலைப்பின் ஓரத் தையலை விரலால் தடவினாள்.

"நான் மெசின்ல உக்காந்தா ஒரு தையல்கூடத் தாண்டாது. முழுச் சட்டையும் தச்சு முடிப்பேன். ஏன்னு இப்பத்தான் யோசிக்கிறேன். அங்க நான் கண்ண அசைக்கிறதே இல்ல. ஊசி நிக்கிற எடத்தையே பாத்துக்கிட்டு இருப்பேன். துணிதான் வரும்." பஸ்லினாவை நிமிர்ந்து பார்த்தாள். "இந்த எழுத்த அப்பிடி வர வைக்க முடியாதா?"

பஸ்லினா எழுதிக்கொண்டிருந்த பேனையைக் கீழே வைத்தாள். "முடியும். அதச் சொல்லித் தரத்தான் நான் இவ்வளவு நேரம் வழி தேடிக்கிட்டு ஈந்தேன். நீங்க எனக்குச் சொல்லித் தாறீங்க."

வாசிப்புச் செயலியில் அதற்கான ஏற்பாடு இருந்தது. திரையில் ஒரு வரி மட்டும் ஒளிர்ந்தது. மற்றவை இருட்டில் மறைந்தன. திரையின் வலது ஓரத்தைத் தொட்டதும், அந்த வரி போய், அடுத்த வரி அச்சொட்டாக அதே இடத்தில் வந்து நின்றது. வரியின் அகலத்தையும் மூன்று விரலுக்குச் சுருக்கினாள்; ஜன்னலுக்குள் முழு வரியும் அடங்கியது. பாய்ச்சலே இல்லை. பதினொரு பெயரையும் ஞானேஸ்வரி வாசித்தாள், வேலாயுதம் உட்பட. மறுபடியும் வாசித்தாள். ஆறு தடவை வாசித்தும் ஒன்றுகூட விழவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் கஜேந்திரன் வாய் மூடவில்லை. குழாய் வைத்துக்கொண்டு பாத்ரூம் போவது எப்படி, பஸ் ஏறுவது எப்படி என்று கேட்டுக்கொண்டே வந்தான். பேராதனை, கலஹா என்று எந்த ஊரின் பெயர்ப்பலகையைக் கண்டாலும் கையைச் சுருட்டிக் கண்ணில் வைத்துப் பார்த்தான். எதிர்க் கதிரையில் இருந்த பெண் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். இறங்கும்போது மட்டும் குரலைத் தாழ்த்தி, "அன்னைக்கு நான் ஒண்ணும் சொல்லலக்கா. ஆனா நெனச்சேன். மன்னிச்சிருங்க" என்றான்.

"நீ டெப் வாங்கித் தரலன்னா நான் கண்டிக்கே போயிருக்க மாட்டேன் தம்பி. பெருசு பெருசா ஆக்கித் தொல்ல குடுக்கலன்னாலும் போயிருக்க மாட்டேன்" என்றாள் அவள். இரண்டும் உண்மைதான்.

இன்னும் ஒரு குறை இருந்தது. நடுவே நிமிர்ந்து சனத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்தால், தொட வேண்டிய ஓரம் எங்கே என்று விரல் தடுமாறியது. அதற்கு ஞானேஸ்வரியே ஒரு வேலை செய்தாள். டெப் உறையின் வலது ஓரத்தில், கட்டைவிரல் விழுகிற இடத்துக்குப் பக்கத்தில், தடித்த கோட்டுப் பொத்தான் ஒன்றைத் தைத்தாள். விரல் பொத்தானைக் கண்டுபிடிக்கும். பொத்தானுக்கு இப்பால் தொட்டால் அடுத்த வரி. பிறகு தினமும் விடியற்காலையில் திருச்செல்வம் தாளில் பட்டியலை வைத்துக்கொண்டு சரி பார்க்க, அவள் வாசித்துப் பழகினாள். முதல் கிழமை அவர் இரண்டு முறை திருத்தினார். அதன் பிறகு அவருக்கு வேலை இருக்கவில்லை. தேத்தண்ணி ஆற்றிக் கொடுத்தார்.

பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு மண்டபம் நிறைந்திருந்தது. ஜன்னல் எதிரே இருந்தால் கண் கூசும், முதுகுக்குப் பின்னால் இருந்தால் வெளிச்சம் திரையில் விழும் என்பதால், ஜன்னல் பக்கவாட்டில் வரும்படி மேசையைக் கஜேந்திரன் திருப்பிப் போட்டிருந்தான். டீவியை அலுமாரிக்கு மேலே ஏற்றித் துணியால் மூடிவிட்டான்.

இந்த வருடம் பதின்மூன்று பெயர். தொடங்கும் முன் ஞானேஸ்வரி சபையிடம் ஒன்று கேட்டாள். போன வருடம் ஒரு பெயருக்கு எல்லாரும் சரியாக எழுந்து நிற்கவில்லை. அது தன்னுடைய பிழை. அந்தப் பெயரை இன்று முதலாவதாக வாசிக்க விடுவீர்களா என்றாள். கதிரைகள் அசைகிற சத்தம் கேட்டது. எல்லாரும் எழுந்திருந்தார்கள்.

"வேலாயுதம். மேல்கணக்கு. கோயில் மணியை இருபது வருடம் நேரம் தவறாமல் அடித்தவர்."

கட்டைவிரல் பொத்தானைத் தேடியது. அடுத்த பெயர் வந்து நின்றது. வாசித்தாள். அடுத்தது. ஐந்தாவது பெயரில், அது ஒரு இளம் பெண்ணின் பெயர், முன்வரிசையில் யாரோ விம்மினார்கள். ஞானேஸ்வரி நிமிர்ந்து அந்தப் பக்கம் பார்த்தாள். அந்த முகத்தைத் தேடிப் பிடிக்கவே அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. மறுபடி குனிந்தாள். திரை இருட்டாக இருந்தது. அதன் நடுவே, விட்ட இடத்தில், அந்தப் பெண்ணைப் பற்றிய வரி மஞ்சளாகக் காத்திருந்தது. அதை வாசித்தாள். ஆறாவது, ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது என்று வரிசை குலையாமல் வந்தது. பதின்மூன்றும் முடிந்தன. எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். மூன்றாவது வரிசையில் பாலம்மாவும் உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

தேத்தண்ணி நேரத்தில் பாலம்மா வந்து ஞானேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நன்றி சொல்ல வேண்டியது யார் யாருக்கு என்று இருவருக்கும் தெரியவில்லை. ஞானேஸ்வரிதான் முந்திக்கொண்டாள். வீடு வீடாக ஏறி இறங்கிய காலுக்குத் தான் இன்னும் ஒன்றும் செய்யவில்லை என்றாள். பாவாடை ஒன்று தைத்துக் கொடு, கணக்குச் சரியாகிவிடும் என்றாள் பாலம்மா.

பொது விடயங்கள் வந்தபோது மூக்கையா எழுந்தார். இந்த டெப்பை எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதைச் சங்கத்து அறிக்கைப் புத்தகத்தில் பதிய வேண்டும் என்று பிரேரித்தார். "நம்ம ஆளுங்க நல்ல மனசுக்காரனுங்க. எவனாச்சும் ஒருத்தன் அன்பு மிஞ்சிப்போயி மறுபடி எழுத்தப் பெருசாக்கி வச்சுருவான்" என்றார். சபை சிரித்தது. கஜேந்திரன்தான் முதலில் கையைத் தூக்கி ஆமோதித்தான்.

ஞானேஸ்வரி அன்றைய அறிக்கையின் கடைசியில் தன் கையாலேயே இப்படி எழுதினாள்:

'செயலாளரின் வாசிப்புக் கருவி. எழுத்தின் அளவு பதினாறு. இதைப் பெரிதாக்கக் கூடாது. கறுப்புப் பின்னணி, மஞ்சள் எழுத்து. வரியின் அகலம் மூன்று விரல். திரையில் ஒரு நேரத்தில் ஒரு வரி மட்டும் ஒளிர வேண்டும். பொத்தானுக்குப் பக்கத்தில் தொட்டால் அடுத்த வரி அதே இடத்துக்கு வரும். வாசிப்பவர் கண்ணை அசைக்க வேண்டியதில்லை.'